5.20 பஸ் 5.08க்கே போய்விடுகிறது: டிரைவர் அப்படி எடுக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பூக்கூடை | மார்ச் 9, காலை 6.50

ஊர் பெயரும் மாவட்டத்தின் பெயரும் எழுதவில்லை. எழுதினால் டிரைவர் யார் என்று தெரிந்துவிடும். யாரையும் மாட்டிவிட வேண்டும் என்பது என் நோக்கமில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு நான்கே நடைதான் டவுன் பஸ் வருகிறது. முதல் வண்டி காலை 5.20. பக்கத்து ஊரில் இரவு தங்கிவிட்டு விடிகாலையில் கிளம்பி வரும் வண்டி. அம்மா மல்லி மொட்டு பறித்து அதில்தான் மார்க்கெட்டுக்குக் கொண்டு போவார். பெண்களுக்கு இலவசம் என்பதால் அம்மாவுக்குக் கட்டணம் இல்லை, கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு. மொட்டு மலர்ந்துவிட்டால் பாதி விலைகூட கிடைக்காது.

போன மாதம் டிரைவர் மாறினார். அதிலிருந்து வண்டி 5.08, 5.10க்கெல்லாம் எங்கள் புளியமரத்து நிறுத்தத்தைத் தாண்டிவிடுகிறது. இரண்டு வாரத்தில் மூன்று முறை அம்மாவும் இன்னும் நாலு பேரும் வண்டியை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போனார்கள்.

இது போக, இரவு 9.30க்கு ஊருக்குள் வர வேண்டிய மொபசல் வண்டி பல நாள் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகிறது. அங்கிருந்து ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர், விளக்கும் கிடையாது.

டிரைவர் நினைத்த நேரத்தில், நினைத்த வழியில் ஓட்டலாமா? விதி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

---

கடைசி சீட்டு | மார்ச் 9, காலை 7.31

விதியா? எங்கள் ஊரில் பஸ் வந்தாலே அதிர்ஷ்டம். லேட்டாக வருகிறது என்றுதான் எல்லோரும் புகார் சொல்வார்கள். சீக்கிரம் போகிறது என்று புகார் சொல்லும் முதல் ஆள் நீங்கள்தான் அக்கா.

---

சட்டப்புள்ளி | மார்ச் 9, காலை 9.15

கடைசி சீட்டு சிரிக்கிறார். ஆனால் லேட்டாக வரும் பஸ்ஸைவிட முன்னால் போகும் பஸ்தான் பெரிய தொல்லை. பத்து நிமிடம் லேட் என்றால் பயணிக்குப் பத்து நிமிடம்தான் நஷ்டம். இரண்டு நிமிடம் முன்னால் போய்விட்டால் அடுத்த வண்டி வரும்வரை நஷ்டம், அது மூன்று மணி நேரமாகக்கூட இருக்கலாம். இங்கிலாந்தில் உள்ளூர் பஸ்களுக்கு ஒரு நிமிடம் முன்பிலிருந்து ஐந்து நிமிடம் பின்பு வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். முன்னால் போக ஒரே ஒரு நிமிடம்தான் சலுகை.

நம் சட்டத்துக்கு வருவோம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, வழியில் நிறுத்தி நிறுத்தி, தனித்தனியாகக் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றும் வண்டி ஸ்டேஜ் கேரியேஜ். அதற்கு பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே எந்த வழி, ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை நடை, அதிகம் எத்தனை, என்ன நேரம் என்று எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். போவது ஒரு நடை, திரும்பி வருவது இன்னொரு நடை என்றுகூடச் சட்டத்தில் விளக்கம் இருக்கிறது.

பிரிவு 72 படி பர்மிட்டில் நிபந்தனைகள் போடலாம். அதில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒப்புதல் பெற்ற கால அட்டவணையிலிருந்து இவ்வளவுதான் விலகலாம் என்று வட்டாரப் போக்குவரத்து ஆணையம் வரம்பு வைக்கலாம். இரண்டு, அந்த அட்டவணையின் நகலை வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் ஒட்டி வைக்கச் சொல்லலாம்.

இரண்டாவதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

---

கடைசி சீட்டு | மார்ச் 9, காலை 9.22

எங்கள் வண்டியில் திருக்குறள் ஒட்டியிருக்கிறது. டைம் ஒட்டவில்லை.

---

பழைய ஸ்டியரிங் | மார்ச் 9, இரவு 8.40

அரசுப் பேருந்தில் 29 வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவன். எல்லோரும் டிரைவர், டிரைவர் என்கிறீர்கள். முதலில் ஒன்று. வண்டியை நகர்த்துவது டிரைவர் இல்லை, விசில். கண்டக்டர் விசில் கொடுத்தால் எடுக்க வேண்டும், கொடுத்தால் நிறுத்த வேண்டும். ஆனால் திட்டு மட்டும் எப்போதும் முன் சீட்டுக்குத்தான்.

டைமிங் எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? ரன்னிங் டைம் என்று ஒன்று. இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம். நான் கடைசியாக ஓட்டிய ரூட்டில் 38 கிலோமீட்டருக்கு 70 நிமிடம். அது போட்ட காலத்தில் அந்த ரோட்டில் வேகத்தடை இரண்டு. நான் ஓய்வு பெறும்போது எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. நடுவில் இரண்டு பள்ளிக்கூடம், ஒரு கல்யாண மண்டபம், ஒரு சிக்னல் புதிதாக வந்துவிட்டது. டைம் மட்டும் அதே 70.

காலை எட்டு மணி நடையில் எந்தக் கொம்பனாலும் அதை 70 நிமிடத்தில் முடிக்க முடியாது. விடிகாலையில் ரோடு காலி, 55 நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் நடையில் மிச்சம் பிடித்தால்தான் கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஒரு டீ குடிக்கலாம், ஒன்றுக்குப் போகலாம். அடுத்த நடையில் அதற்கு நேரம் இருக்காது. நான் ஓட்டிய காலத்தில் இருந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு என்றெல்லாம் அழகாக எழுதியிருந்தது. அந்த அரை மணி ரோட்டில்தான் கரையும்.

லேட்டாக வந்தால் டைம் கீப்பர் கேட்பார். நடை கட் ஆனால் மெமோ. ஒரு லிட்டர் டீசலுக்கு ஓடும் கிலோமீட்டர் (கே.எம்.பி.எல்.) குறைந்தால் கிளை மேலாளர் கூப்பிடுவார். கலெக்‌ஷன் குறைந்தால் கண்டக்டரைக் கூப்பிடுவார். நடு நிறுத்தத்தில் பத்து நிமிடம் முன்னால் போனால்? என் 29 வருடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும்தான் பதிவு. நடுவில் நிற்கிறவர் யாருடைய கணக்கிலும் இல்லை.

அதற்காகப் புளியமரத்தில் ஆள் நிற்பது தெரிந்தும் முன்னால் எடுத்தால் அது தப்புதான் அம்மா. நான் மறுக்கவில்லை.

---

பெடோக் பாண்டி | மார்ச் 10, காலை 5.55

ஐயா சொன்ன நடு நிறுத்தம் விஷயம் முக்கியம். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே பெரும்பாலான நிறுத்தங்களில் முதல் பஸ், கடைசி பஸ், நடுவில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்றுதான் எழுதியிருக்கும். 2014 முதல் பஸ்களுக்கு இடையிலான இடைவெளியை அளக்கிறார்கள். பயணி கூடுதலாக எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்ற கணக்கு அது. இரண்டு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் பின்னால் வரும் வண்டியைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்து மெதுவாகப் போகச் சொல்வார்கள். நிறுத்தத்தில் பிடித்துவைப்பதும் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்குக் கடுப்பாக இருக்கும், ஆனால் பழகிவிட்டது.

---

சட்டப்புள்ளி | மார்ச் 10, காலை 8.05

பாண்டி, அது பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் ஊருக்குச் சரி. அங்கே கடிகாரம் தேவையில்லை, இடைவெளி போதும். நாளைக்கு நாலே நடை வரும் ஊரில் இடைவெளியை அளந்து என்ன செய்வது? அங்கே கடிகாரம்தான் எல்லாம். சென்னையில் 2022இல் இருந்து வண்டி எங்கே வருகிறது என்று செயலியில் பார்க்கலாம், நல்ல விஷயம்தான். ஆனால் அது அதிகம் தேவைப்படுவது புளியமரத்தடியில்.

---

டைம்கீப்பர் தம்பி | மார்ச் 10, மதியம் 1.20

நான் தனியார் பஸ் பக்கம். பஸ் ஸ்டாண்டில் "எடு எடு, டைம் ஆச்சு" என்று தட்டிக்கொண்டே இருப்பான் பாருங்கள், அந்த ஆள்.

எங்கள் பக்கம் நிமிடம் என்பது காசு. முன் வண்டிக்கும் நமக்கும் நாலு நிமிட கேப் என்றால், அந்த நாலு நிமிடத்தில் சேரும் கூட்டம்தான் எங்கள் கலெக்‌ஷன். முன் வண்டி இரண்டு நிமிடம் தாமதித்து எடுத்தால் எங்கள் ஆள் அவன் வண்டியில் ஏறிவிடுவான். அதனால்தான் ஸ்டாண்டில் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை வருகிறது. புது பர்மிட் வந்தாலோ, ஒருவர் டைமை மாற்றக் கேட்டாலோ ஆர்.டி.ஓ. ஆபீஸில் டைமிங் கான்ஃபரன்ஸ் நடக்கும். அந்த ரூட்டில் ஓடும் எல்லா வண்டி ஓனரும், அரசு பஸ் தரப்பும் வந்து உட்காருவார்கள். ஒரு நிமிடத்துக்காக கோர்ட் வரை போன ஓனர்களை எனக்குத் தெரியும்.

கவனித்தீர்களா? எங்களை முன்னால் போகவிடாமல் பிடித்துவைத்திருப்பது சட்டம் இல்லை, பின்னால் வரும் வண்டி. பூக்கூடை அக்கா ரூட்டில் பின்னால் வண்டியே இல்லை. அங்கே யார் கேட்பார்?

இன்னொன்று. அந்தக் கான்ஃபரன்ஸில் வண்டிக்காரன் எல்லோருக்கும் நாற்காலி உண்டு. பயணிக்கு ஒரு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

---

மினிபஸ் மாப்பிள்ளை | மார்ச் 10, மாலை 6.02

இரவு வண்டி பைபாஸில் போவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் மினிபஸ்ஸில் இதே கதை. 1997இல் மினிபஸ் கொண்டுவந்ததே பஸ் போகாத கிராமத்துக்காக. 2025இல் வந்த புதுத் திட்டத்திலும் மொத்தம் 25 கிலோமீட்டர் வரை, அதில் குறைந்தது 65 சதவீதம் வேறு பஸ் ஓடாத வழியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆனால் ஓடாத வழியில் கூட்டம் இல்லை, ஓடுகிற வழியில்தான் கூட்டம். மதியம் ஆனால் சில வண்டி உள்ளே போகாமல் மெயின் ரோட்டிலேயே முன்னும் பின்னும் ஓடும். உள்ளே இருக்கும் ஊர்க்காரன் கேட்டால் "பஞ்சர்" என்பார்கள். தினமும் மதியம் இரண்டு மணிக்கு எப்படிப் பஞ்சர் ஆகிறதோ.

---

சட்டப்புள்ளி | மார்ச் 10, இரவு 9.48

வழி மாறுவது, நேரம் மாறுவது இரண்டையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கவில்லை.

பர்மிட்டில் சொன்ன வழியை மீறி ஓட்டினால் பிரிவு 192ஏ. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே அபராதம் 10,000 ரூபாய், சிறைக்கும் இடம் உண்டு. நேரத்தை மீறினால் அந்தப் பிரிவு வராது. அது பர்மிட் நிபந்தனை மீறல். பிரிவு 86 படி ஆணையம் பர்மிட்டை நிறுத்தி வைக்கலாம், ரத்து செய்யலாம், இல்லையென்றால் உரிமையாளர் சம்மதித்தால் ஒரு தொகை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். மூன்றாவதுதான் வழக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

வழி மாறுவதற்கு நியாயமான விலக்கும் இருக்கிறது. வெள்ளம், ரோட்டில் தடை, எதிர்பாராத சூழ்நிலை என்றால் வேறு வழியில் போய்ச் சேரலாம். மரம் விழுந்தது, தேர் நிற்கிறது என்றால் கேள்வி இல்லை. "ஊருக்குள் இரண்டு பேர்தானே இறங்குகிறார்கள்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. பைபாஸ் வழியாகவே பர்மிட் வாங்கிய வண்டிகளும் இருக்கின்றன. உங்கள் 9.30 வண்டி எந்த வகை என்று தெரியாமல் சண்டைக்குப் போகாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். இரண்டு வண்டியின் பதிவு எண்ணையும் எழுதி, பர்மிட் நகலும் ஒப்புதல் பெற்ற கால அட்டவணையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

---

கடைசி சீட்டு | மார்ச் 10, இரவு 10.10

முதல்வர் உதவி எண் 1100க்கு போன் போட்டால் முடிந்தது. இதற்கு எதற்கு ஸ்டாம்ப், மனு எல்லாம்?

---

சட்டப்புள்ளி | மார்ச் 10, இரவு 10.31

போடலாம். ஆனால் "5.20 பஸ்" என்று நாம்தான் சொல்கிறோம். அரசாங்கத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாதே.

---

பூக்கூடை | மார்ச் 11, காலை 7.05

மனு எழுதிவிட்டேன். தம்பி தபாலில் போடப் போயிருக்கிறான். இன்று வண்டி 5.09. அம்மா ஐந்து மணிக்கே போய் நின்றதால் கிடைத்தது.

---

வேபில் | மார்ச் 11, மாலை 4.44

கண்டக்டர். தற்போது பணியில் இருப்பதால் சுருக்கமாக. விசில் எங்கள் கையில் என்று ஸ்டியரிங் அண்ணன் சொல்லிவிட்டார், நன்றி. ஆனால் விசில் கொடுத்தும் நிற்காத டிரைவரோடு எட்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். 2021இல் இலவசப் பயணம் வந்த பிறகு, பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் நிற்காமல் போகிறார்கள் என்று எங்களைச் சொல்கிறீர்கள். அப்படிப் போகிறவர்களும் இருக்கிறார்கள், பொய் சொல்ல மாட்டேன். பூக்கூடை அம்மா கேட்பது அதுவல்ல என்பதால் இதோடு விடுகிறேன்.

---

நெறியாளர் | மார்ச் 11, மாலை 5.10

இலவசப் பயணம் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. அதற்குக் கீழே வந்த ஆறு பதிவுகளை அங்கே மாற்றிவிட்டேன். வண்டி எண்ணைப் போட்ட பதிவு ஒன்றை நீக்கியிருக்கிறேன்.

---

பூக்கூடை | ஏப்ரல் 19, இரவு 8.15

பதில் வந்துவிட்டது. 34 நாள் ஆனது, சரி, பரவாயில்லை. படித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டவுன் பஸ் அட்டவணையில் எங்கள் புளியமரத்துக்கு நேரமே போடவில்லை. புறப்படும் ஊரில் 4.40. நடுவில் ஒரே ஒரு ஊருக்கு 5.00. கடைசி 5.55. அந்த நடு ஊரிலிருந்து எங்களுக்கு மூன்றரை கிலோமீட்டர். தம்பி கணக்குப் போட்டான். எங்கள் நிறுத்தத்துக்கு 5.07.

அதாவது புது டிரைவர் சரியான நேரத்துக்கு வருகிறார். இத்தனை வருடம் லேட்டாக வந்த நேரத்தைத்தான் நாங்கள் டைம் என்று நினைத்திருந்தோம்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பதினோரு வருஷமா 5.20" என்றார். மறுநாள் வண்டியில் ஏறி கண்டக்டரிடமே கேட்டிருக்கிறார். பழைய டிரைவர் இரவு தங்கும் ஊரில் டீக்கடை திறக்க 4.45 ஆகுமாம். குடித்துவிட்டு 4.52க்குத்தான் வண்டியை எடுப்பாராம். புது டிரைவர் பிளாஸ்க் கொண்டுவருகிறாராம்.

---

டைம்கீப்பர் தம்பி | ஏப்ரல் 19, இரவு 8.29

டீக்கடைக்காரர்தான் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ.

---

பழைய ஸ்டியரிங் | ஏப்ரல் 19, இரவு 9.02

சிரித்துவிட்டேன். அப்புறம் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. நானும் நைட் ஹால்ட் வண்டி ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன். கோயில் திண்ணையில் படுப்போம். சில நாள் 4.30க்கு எடுக்க வேண்டியதை 4.40க்கு எடுத்திருக்கிறேன். காரணம் டீ இல்லை, பனி. என் பத்து நிமிடத்தை ஒரு ஊரே மனப்பாடம் பண்ணியிருக்கும் என்று அப்போது தோன்றியதில்லை.

அந்தப் பிளாஸ்க்காரரை நாம் இந்த இழையில் ஒரு மாதம் திட்டியிருக்கிறோம்.

---

பூக்கூடை | ஏப்ரல் 19, இரவு 9.20

ஆமாம் ஐயா. தலைப்பை மாற்ற முடியுமா என்று நெறியாளரிடம் கேட்டேன், முடியாதாம். நான்தான் முதலில் ஆரம்பித்தேன், மன்னிப்பும் நானே கேட்கிறேன்.

ஆனால் இரவு வண்டி விஷயத்தில் நான் சொன்னது சரி. பர்மிட்டில் வழி என்ற இடத்தில் எங்கள் ஊர் பெயர் இருக்கிறது. பைபாஸ் என்ற சொல்லே இல்லை.

---

சட்டப்புள்ளி | ஏப்ரல் 20, காலை 7.40

அப்படியென்றால் இரண்டு தனித்தனி மனு. ஒன்றில் இரவு வண்டியைப் பற்றி மட்டும். தேதி, நேரம், வண்டி எண், எங்கே இறக்கிவிட்டார்கள். பயணச்சீட்டு இருந்தால் நகல். பர்மிட் நகலையும் இணையுங்கள். மாவட்டத்தில் ஆணையம் என்பது கலெக்டர்தான், ஆர்.டி.ஓ. அதன் செயலாளர். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ரசீது கிடைக்கும்.

இன்னொன்றில் காலை அட்டவணையை ஊரில் எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கதை முழுக்க அந்த ஒரு பலகை இல்லாததால் வந்தது. பழைய டிரைவர் லேட் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. புது டிரைவர் சரி என்றும் ஒருவருக்கும் தெரியவில்லை.

---

மினிபஸ் மாப்பிள்ளை | ஏப்ரல் 20, காலை 8.13

நேரத்தையே 5.20 என்று மாற்றச் சொல்லிக் கேட்கலாமே? பூக்காரர்கள் எத்தனை பேர்!

---

பூக்கூடை | ஏப்ரல் 20, காலை 8.50

அதையும் யோசித்தோம். அடுத்த ஊரில் இரண்டு நர்ஸ் அக்காக்கள் இந்த வண்டியில் போய் 6.05 வண்டியைப் பிடிக்கிறார்கள். பழைய டிரைவர் காலத்தில் அவர்கள் தினமும் ஓடிப்போய் ஏறுவார்களாம், பாதி நாள் விட்டுவிடுவார்களாம். இப்போதுதான் நிம்மதியாகப் போகிறார்கள். அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். கால் மணி முன்னால் பறிக்க ஆரம்பித்தால் போகிறது என்கிறார்.

---

பூக்கூடை | மே 14, இரவு 10.02

பலகை இன்னும் வரவில்லை. தம்பி புளியமரத்துக்குப் பக்கத்து மதகுச் சுவரில் வெள்ளை பெயிண்டில் நாலு நடையின் நேரத்தையும் எழுதிவிட்டான். முதல் வரி 5.07. பிளாஸ்க் டிரைவர் அடுத்த நாள் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து படித்துவிட்டு, மதியம் நடையில் மூன்று நிமிடம் தப்பு என்று சொன்னார். திருத்திவிட்டான்.

இரவு வண்டிக்கு மனு கொடுத்த பிறகு ஒன்பது நாள் தொடர்ந்து ஊருக்குள் வந்தது. பத்தாம் நாள் பைபாஸ். நேற்று வந்தது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு வருகிறோம். இன்று 9.30 வண்டி 9.41க்கு வந்தது, ஊருக்குள்தான். மூன்று பேர் இறங்கினார்கள்.